வெள்ளிக்கிழமை வினிகர்

ரூபி கஞ்சி குடிக்கும் நேரத்தில் ஆம்ப்ரோஸ் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொள்வார். படிப்பதற்கல்ல. தாளின் மேல் விளிம்புக்கு மேலே அவளுடைய கழுத்து தெரியும். ஒரு கரண்டி வாய்க்குள் போகும். அவள் தலையை லேசாக இடப்பக்கம் சாய்ப்பாள். தொண்டை மேலே ஏறும், நிற்கும், பிறகு இறங்கும். அது இறங்கும்வரை அவரும் எச்சில் விழுங்கமாட்டார்.

"மரண அறிவிப்புப் பக்கத்தையே இம்புட்டு நேரமா படிக்கிறீங்க?" என்றாள் ரூபி.

"தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களான்னு பாக்குறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ரூபி பாதிக் கஞ்சியோடு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குழாயின் சத்தம் கேட்டது. சத்தம் நின்ற பிறகும் அவள் வெளியே வராததால் அவர் எழுந்து போய்ப் பார்த்தார். அவள் சன்னலோரம் நின்று, எல்லை தாண்டி ஜோகூருக்குப் போகும் லாரிகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது மாடி. அவர் குளிர்பெட்டியைத் திறந்து எதையோ தேடுவதுபோல் நின்றார்.

ஜனவரியில்தான் இந்த உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதுவரை நாரிஸ் ரோட்டில் கடைவீட்டு மாடியில் இருந்தார்கள். ரூபி சிராங்கூன் ரோட்டில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்தாள். இங்கிருந்து பஸ்ஸில் அங்கே போய்வருவது பெரிய பாடு என்று வேலையை விட்டாள். ஆம்ப்ரோஸுக்கு செம்பவாங் கப்பல் பட்டறையில் சாமான் கிடங்கு வேலை. அவருக்கு இந்த வீடு வசதி. மகன் அலெக்சாண்டர் கட்டாய ராணுவ சேவையான நேஷனல் சர்வீஸில் இருந்தான். வாரக் கடைசியில் மட்டும் வருவான்.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ரூபி சாவதற்காக, குளியலறை கழுவ வைத்திருந்த திரவத்தைக் குடித்துவிட்டாள். இப்படி ஒரு வாக்கியமாக யாரும் அதை இதுவரை சொன்னதில்லை. அவளுடைய அக்காள் ரோசம்மா அன்று மதியம் மீன் வாங்கிக்கொண்டு தற்செயலாக வந்தார். வந்ததால்தான் ரூபி பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆம்ப்ரோஸ் போய்ச் சேர்ந்தபோது போலீஸ்காரர் யாக்கூப் ரோசம்மாவின் எதிரில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தற்கொலைக்கு முயல்வது குற்றம், ஜெயில்வரை போகலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். பட்டறையில் ஒருவருடைய தங்கையைக் கட்டிலோடு விலங்கிட்டு வைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை. பயப்பட அது போதுமாக இருந்தது. ரோசம்மாதான் பேசினார்.

"ஆக்சிடென்ட் சார். பன்றிக்கறிக்கு ஊத்த வினிகர் எடுத்திருக்கா. ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரி. புளிப்பு இருக்கான்னு வாயில ஊத்திப் பாத்துருக்கா. அவ்ளோதான்லா."

யாக்கூப் 'பன்றிக்கறி' என்று வந்த இடத்தில் பேனாவைச் சற்று நிறுத்தினார். பிறகு 'சமையல்' என்று எழுதிக்கொண்டார்.

ரூபிக்குப் பேச்சு திரும்பியபோது கதை முழுதாகத் தயாராக இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதை அவளிடமே சொன்னார்கள். "வினிகர் பாட்டில்ல லேபிள் ஒட்டி வைக்கணும் ரூபி." "எங்க வீட்டுலயும் இப்படித்தான், மண்ணெண்ணெய்யத் தூக்கி..." அவள் தலையசைத்தாள். அலெக்சாண்டர் சமையலறை அலமாரிக்குப் பூட்டு வாங்கி மாட்டினான். அவனுக்கும் அதே கதைதான். ஏன் குடித்தாய் என்று கேட்க வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை. தவறுதலாகக் குடித்தவளிடம் அதை எப்படிக் கேட்பது?

சில வாரம் கழித்துச் சோறு இறங்கவில்லை. பிறகு இட்லி இறங்கவில்லை. டாக்டர் சுப்பிரமணியம் ஒரு காகிதத்தில் குழாய் ஒன்றை வரைந்து காட்டினார். "உள்ள வெந்த புண்ணு ஆறுது. ஆறும்போது சுருங்கும். நாங்க ரப்பர் குழாய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா அகலப்படுத்துவோம். நடுவுல விட்டுட்டா மறுபடி மூடிக்கும். மறக்காம வரணும்."

முதலில் ஆம்ப்ரோஸ் விடுப்புப் போட்டுக் கூட்டிப்போனார். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே அவள் ஓங்கரிக்கும் ஒலி கேட்கும். பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள்: "எதுக்கு லீவு போடுறீங்க? எனக்கு பஸ் தெரியாதா? நானே போய்க்கிறேன்." அவருக்கு ஆறுதலாக இருந்தது. புதன்கிழமைகளில் காலையில் அவள் பஸ் ஏறுவாள், சாயங்காலம் அவர் வருவதற்குள் திரும்பியிருப்பாள். "எப்படி இருந்துச்சு?" என்பார். "இருந்துச்சு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வழக்கம் மாறவில்லை. உட்லண்ட்ஸிலிருந்து ஓஃபிர் ரோடு மாதா கோயிலுக்குத் தமிழ்ப் பூசைக்கு வருவார்கள். ஆனால் குருவானவர் நாக்கில் வைக்கும் மெல்லிய அப்பத்தை, நன்மையை, வாங்கும் நேரத்தில் வரிசை முழுவதும் எழுந்து போக, ரூபி மட்டும் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் அவள் முழங்காலைத் தாண்டிப் போவார்கள். நன்மைக்குப் போகாதவள் பெரிய பாவம் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று எல்லாருக்கும் ஒரு கணக்கு உண்டு. அவளும் கணக்கு வைத்திருந்தாள். குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் வினிகர் கதையைச் சொல்ல முடியாது.

ரோசம்மாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஆகஸ்ட் மாதா திருநாளன்று கோயில் வாசலிலேயே தங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கும் மரம் மாதிரி உக்காந்திருந்தியானா பாரு. மரியாயின் சேனைப் பொம்பளைங்கல்லாம் என் மூஞ்சியப் பாக்குறாளுக."

"தொண்டைல இறங்காதுக்கா."

"காத்து மாதிரி இருக்கும், அது இறங்காதா? கஞ்சி இறங்குதுல்ல?"

"கஞ்சிய மெதுவா விடலாம். இதக் கடிக்கவும் கூடாது, துப்பவும் கூடாது."

"அப்ப பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா."

"என்னன்னு பண்றது?"

"ஆக்சிடென்ட்டுக்கு எதுக்குடி பாவசங்கீர்த்தனம்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அத்தனை மாதம் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியிருந்தார்.

அன்று ரூபி எழுந்தாள். ஆம்ப்ரோஸ் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவள் நாக்கை நீட்டியதும், கண்ணை மூடியதும் அவருக்குத் தெரிந்தது. திரும்பி வந்து முழங்காலிட்டாள். பாட்டு முடிந்து எல்லாரும் எழுந்தபோதும் அவள் தலை கவிழ்ந்தே இருந்தது. பக்தி என்று பின்வரிசையில் நினைத்திருப்பார்கள். அவர் குனிந்து பார்த்தார். எச்சில் நூலாக வடிந்து கைக்குட்டை நனைந்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கல" என்றாள், காற்று மட்டும் வரும் குரலில்.

ஆஸ்பத்திரிக்குப் போன டாக்ஸியில் ரோசம்மா வழிநெடுக செபம் சொன்னார். ரூபி கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவில்லை. நன்மை அதில் விழுந்துவிடுமோ என்ற பயம், மூச்சு முட்டுவதைவிட அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அன்று மாலையே மயக்க மருந்து கொடுத்து அடைப்பை நீக்கி, தொண்டைக்குழாயை அகலப்படுத்தினார்கள். மறுநாள் டாக்டர் சுப்பிரமணியம் ஆம்ப்ரோஸைத் தனியே கூப்பிட்டார்.

"மே மாசத்துக்கு அப்புறம் அவங்க வரவே இல்லையே, ஏன்?"

"இல்லியே டாக்டர். புதன்கிழமை புதன்கிழமை வர்றாளே."

"இங்க வரல."

ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்தார். புதன்கிழமைகள் ஒவ்வொன்றும் அவர் முன்னே காலியாக வந்து நின்றன. அவ்வளவு நேரம் எங்கே இருந்தாள்?

"இன்னொரு விஷயம்" என்றார் டாக்டர். "இப்ப குழாய் திறந்துதான் இருக்கு. தண்ணி தாராளமா இறங்கும். ஆனா காலையிலேர்ந்து அவங்க ஒரு வாய்கூடக் குடிக்கல. தொண்டைல தடை இல்ல. வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தவறுதலாக் குடிக்கிறவங்க பெரும்பாலும் வாயில பட்டதுமே துப்பிடுவாங்க மிஸ்டர் ஆம்ப்ரோஸ். இவ்ளோ உள்ள போகாது. அது ஆக்சிடென்ட்தானே?"

"ஆமா டாக்டர்."

வார்த்தை அவரைக் கேட்காமலே வந்தது.

"சரி. ட்ரிப்ஸ் போகுது. குடிக்க ஆரம்பிச்சதும் அனுப்பிடுறேன்."

இந்தக் கடைசி வாக்கியம் ரூபியின் காதிலும் எப்படியோ விழுந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அவர் போனபோது அவள் தலைவாரி, லேசாகப் பவுடர் போட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்ததும் பால் கோப்பையைத் தானே எடுத்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்துச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டி, டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வெரி குட். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர்.

"தேங்க் யூ டாக்டர்" என்றாள் ரூபி. பிறகு ஆம்ப்ரோஸிடம், "நீங்க வேலைக்குப் போங்க. நாளைக்கு நானே டாக்ஸி புடிச்சு வந்துக்கிறேன். உங்க நீலச் சட்டைக்கு பட்டன் தைக்கணும்" என்றாள்.

அந்தச் சிரிப்பை ஆம்ப்ரோஸ் முன்பும் பார்த்திருந்தார். மார்ச் மாதத்து அந்த வெள்ளிக்கிழமைக் காலையில், பல வாரம் சோர்ந்து கிடந்தவள் திடீரென்று எழுந்து அவருடைய சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு வரிசையாக மாட்டியிருந்தாள். வாசல்வரை வந்து சிரித்து அனுப்பினாள். தேறிவிட்டாள் என்று அன்று அவர் பஸ்ஸில் விசில் அடித்துக்கொண்டு போனார். அவள் குடிக்க வாய் திறக்க மறுத்தபோதுகூட இப்போது பயந்த அளவு அவர் பயப்படவில்லை.

வெளியே நடையில் வந்து நின்றார். வார்டு நர்ஸ் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தவர், அவரைக் கண்டதும் நிறுத்தினார். மார்பில் இருந்த பெயர் அட்டையில் பெட்டி இயேசுதாசன் என்று இருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம். நீங்க வேதக்காரங்கதானே? எந்தக் கோயில்?"

"ஓஃபிர் ரோடு."

"நான் மார்ச்சுல கேஷுவல்டியில இருந்தேன். உங்க ஆளு வந்த அன்னிக்கு." நர்ஸ் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போலீஸ்கிட்ட அந்த அக்கா சொன்னது என் காதுல விழுந்துச்சு. பன்றிக்கறிக்கு வினிகர்னு."

ஆம்ப்ரோஸ் தள்ளுவண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் இந்து. போலீஸ்காரர் முஸ்லிம். அவங்களுக்கு என்ன தெரியும்? அன்னிக்கு வெள்ளிக்கிழமைண்ணே. தபசு காலம். சுத்தபோசனம். கறி தொடாத நாளு, எங்க வீட்டுல கருவாடுதான் வெந்துச்சு. உங்க வீட்டுல மட்டும் பன்றிக்கறியா?"

தூரத்தில் யாரோ ஒரு கிழவர் சீன மொழியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

"பாவம், கேஸ் ஆயிடுமேன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். ஆனா இன்னிக்குக் காலையில அவங்க பால் குடிச்ச விதம் எனக்குப் பிடிக்கல. டாக்டருக்குத் தொண்டை மட்டுந்தான் தெரியும். மத்தத யாரும் அவர்கிட்ட சொல்லலியே. சொன்னாத்தானே மனசு டாக்டரக் கூப்பிடுவாரு."

"சொன்னா போலீசு?"

"வார்னிங் குடுத்து விட்டதப் பாத்திருக்கேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்." வண்டியைத் தள்ளியவர் மீண்டும் நின்றார். "நாளைக்கு வீட்டுல யாருண்ணே இருப்பா?"

யாருமில்லை. அலமாரியில் ஒரு பூட்டு இருக்கும். சன்னல் இருக்கும்.

ரோசம்மா ரசத்தை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆம்ப்ரோஸ் அவரை நடையின் கோடிக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். ரோசம்மா ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பைத்தியமா தம்பி உங்களுக்கு? மனசு டாக்டர்னா உட்பிரிட்ஜ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதானே? அந்தப் பேரு வந்துட்டா அலெக்சாண்டருக்கு யாரு பொண்ணு குடுப்பா? அதோட, போலீஸ்கிட்ட பொய் சொன்னது நான்லா. புடிச்சு உள்ள போட்டா நீங்க வந்து கஞ்சி ஊத்துவீங்களா?"

"ஊத்துறேன் மதினி."

"வெளயாடாதீங்க."

"மதினி, அன்னிக்கு நீங்க எதுக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்க?"

"எதுக்கா? டெக்கா மார்க்கெட்டுல நல்ல கொடுவா மீனு கெடச்சுது. வெள்ளிக்கிழமையாச்சே, அவளுக்கும் கொஞ்சம் குடுப்போம்னு..."

ரோசம்மா நிறுத்திவிட்டார். கையில் மீனை வைத்துக்கொண்டே பன்றிக்கறி என்று சொல்லியிருக்கிறார். ஐந்து மாதமாகக் கோயில் முழுக்க, சுத்தபோசனத்தை ஒரு நாள்கூடத் தவறவிடாத பெண்களிடமெல்லாம், அதையே சொல்லியிருக்கிறார். யாரும் திருப்பிக் கேட்டதில்லை. எல்லாரும் 'ஐயோ பாவம்' என்றுதான் சொன்னார்கள்.

"அப்ப அவளுகளுக்கெல்லாம் தெரியுமா?" என்றார், மெதுவாக.

ஆம்ப்ரோஸ் வார்டுக்குள் போனார். ரூபி தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரூபி, நான் டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்."

"என்ன?"

"வினிகர் இல்லன்னு."

மடித்துக்கொண்டிருந்த துணியிலேயே அவள் கை நின்றது. பக்கத்துக் கட்டில்காரி வானொலியைத் திருகிக்கொண்டிருந்தாள். சீனப் பாட்டொன்று வந்து போனது.

"புதன்கிழமையெல்லாம் எங்க போன?"

"டெக்காவுல இறங்கிடுவேன். தையல் கடைக்கு எதிர்ல நிப்பேன். உள்ள போகமாட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா வந்துருவேன்."

"குழாய் போடுறது வலிக்குதுன்னா சொல்லியிருக்கலாமே."

"வலிக்காக இல்ல." அவள் மடித்த துணியைப் பைக்குள் வைத்தாள். "தொறந்து விட்டு என்ன பண்றதுன்னு இருந்துச்சு."

ஆம்ப்ரோஸ் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். "அன்னிக்கு ஏன்மா அப்படிப் பண்ண?"

ரூபி அவரைப் பார்த்தாள். கோபமா ஆச்சரியமா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"நீங்க இதுவரைக்கும் கேக்கவே இல்ல."

"இப்ப கேக்குறேன்."

"இப்ப உங்ககிட்ட சொல்ல வரல. ஒண்ணா ரெண்டா." துணியைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தாள். "டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. பயமா இருக்குங்க."

டாக்டர் சுப்பிரமணியம் நின்றபடியே கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். ரூபியை வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. சன்னலோரக் கட்டிலிலிருந்து நர்ஸ் மேசைக்கு எதிர்க் கட்டிலுக்கு அவளை மாற்றினார்கள். போலீசுக்கும் தெரிவிக்காமல் இருக்க முடியாது என்றார் டாக்டர்.

சாயங்காலம் மனநல டாக்டர் வந்தார். கண்ணாடி போட்ட சீனப் பெண்மணி. தமிழ் தெரியாததால் மொழிபெயர்க்க நர்ஸ் பெட்டியையும் கூட்டிக்கொண்டு, ரூபியைப் பக்கத்துச் சிறிய அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஆம்ப்ரோஸும் ரோசம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதலில் டாக்டரின் குரலும் நர்ஸின் குரலும் மாறி மாறிக் கேட்டன. பிறகு இரண்டும் அடங்கின. உள்ளே ரூபி அழுகிறாளா, வாயை மூடிக்கொண்டாளா, ஒன்றும் தெரியவில்லை. ரோசம்மா செபமாலையை எடுத்தார், உருட்டாமல் கையில் வைத்திருந்தார்.

நடையின் மறுகோடியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாக்கூப் வந்துகொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார்.

"உக்காருங்க அண்ணே" என்றார் யாக்கூப். மூடிய கதவைப் பார்த்தார். "உள்ளதானே? பேசி முடிக்கட்டும். நான் அப்புறமா கேட்டுக்கிறேன்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அதற்கு மேல் என்ன ஆகும் என்று ஆம்ப்ரோஸ் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்போதுதான் கதவுக்கு அப்பால் அந்தக் குரல் ஆரம்பித்தது. கரகரத்த, காற்று கலந்த குரல். வார்த்தை புரியவில்லை. இடையில் நின்றது. ஆம்ப்ரோஸ் காத்திருந்தார். மீண்டும் தொடங்கி, இந்த முறை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மார்ச்சுக்குப் பிறகு அவள் இவ்வளவு நேரம் பேசி அவர் கேட்டதில்லை. அதற்கு முன்பும் கேட்ட ஞாபகம் இல்லை.

ரோசம்மா திடீரென்று யாக்கூப்பின் பக்கம் திரும்பினார்.

"சார், அவகிட்ட அப்புறம் கேளுங்க. மொதல்ல என்கிட்ட எழுதிக்குங்க. அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது நான்தான்."

யாக்கூப் பேனாவை எடுத்தார். "சொல்லுங்கக்கா."

ரோசம்மா செபமாலையைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"அன்னிக்கு எங்க வீட்டுல மீனு சார்" என்றார்.